அறுபத்து மூன்றாவது கட்டம்

பொன்னுவேலுக்கு நேரே திரையில் இருபத்திரண்டு நிமிடம் என்று இருந்தது, நோட்டில் ஆறு நிமிடம் என்று இருந்தது, நோட்டுதான் தப்பு என்று ஹெப்சிபா சட்டென்று முடிவு கட்டிவிட்டாள். நாற்பது வருஷத்துப் பழைய நோட்டு, பென்சில் எழுத்து, எழுதிய பேராசிரியர் தேவசகாயம் கல்லறைக்குப் போயே ஒன்பது வருஷம் ஆகிறது, கம்ப்யூட்டரா பொய் சொல்லப்போகிறது. மத்தியானம் இரண்டே கால். கல்லூரி நூலகத்தின் மாடியறையில் மின்விசிறி சுற்றுக்கு ஒரு தரம் டக் என்றது, சாப்பிட்ட தயிர்சாதம் கண்ணை இழுத்தது, பாளையங்கோட்டை வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி வந்து மேசையில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குள் பட்டியல் போய்ச் சேர வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு கேசட், நூற்றுப் பன்னிரண்டு வரி. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் வேலை பார்த்தவர்களை எண்பத்தைந்தாம் வருஷம் தேவசகாயம் சார் டேப் ரிக்கார்டரும் சைக்கிளுமாக அலைந்து பேசவைத்துப் பதிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதையெல்லாம் ஒலிக்கோப்பாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் பேசியவர் பெயரும் ஊரும் ஒரே கட்டத்தில், பக்கத்தில் ஆண்டு என்று எக்செலில் விவரம் அடித்து, கல்லூரியின் மின்னூலகத்தில் ஏற்றியவள் ஹெப்சிபாதான். இப்போது மின்னூலகம் புது சர்வருக்குக் குடிபோகிறது. புது வீட்டுக்காரன் கூடுதலாக ஒரு பத்தி கேட்கிறான், எந்தப் பதிவு எத்தனை நிமிடம் என்று. அதைக் கோப்பிலிருந்து கம்ப்யூட்டரே எடுத்துப் போட்டுக்கொள்கிறது. “ஒரு பத்துப் பேர மட்டும் நோட்டோட ஒத்துப் பாத்துருங்க மேடம், போதும்” என்று நூலகர் ஆறுமுகநயினார் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போயிருந்தார். நூற்றுப் பன்னிரண்டில் அவளுக்குப் பழக்கமான பெயர் பொன்னுவேல் ஒன்றுதான், அதுவும் அவருடைய மகள் சந்தனமாரியைத் தெரியும் என்பதால், எனவே அங்கே தொடங்கினாள். வேறு எங்காவது தொடங்கியிருக்கலாம். முதல் பத்தைப் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று எழுதிவிட்டு ஒரு காபி குடித்திருக்கலாம்.

நோட்டில் எண் கிடையாது. பெயர், ஊர், நிமிடம், அவ்வளவுதான், பேசிய வரிசைப்படி. பொன்னுவேலுக்கு மேல் வரியில் சூசை மரியான், பழையகாயல், இருபத்திரண்டு என்று இருந்தது. ஓகோ, இருபத்திரண்டு இங்கே இருக்கிறதா, சார் வரி மாற்றி எழுதிவிட்டார் என்று அவள் மறுபடியும் செத்துப்போன மனிதர் மேலேயே பழியைப் போட்டாள். திரையில் சூசை மரியானுக்கு ஒன்பது. நோட்டில் அந்த ஒன்பது அதற்கும் மேல் வரியில் இருந்தது. விரல் மேலே மேலே ஏறியது. ஒவ்வொரு பெயரும் தனக்கு மேலே இருப்பவரின் நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது, அறுபத்தாறு, அறுபத்தைந்து, அறுபத்து நான்கு, அறுபத்து மூன்று. அறுபத்திரண்டில் மாடசாமி. அங்கே எல்லாம் சரியாக இருந்தது, அதற்கு மேலும் சரியாக இருந்தது. நோட்டிலோ மாடசாமி இரண்டு தரம் இருந்தார், ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டாவதன் பக்கத்தில் மங்கலாக, தொடர்ச்சி என்று. ஒரு கேசட்டில் அடங்காத ஆள். இரண்டு கேசட் பேசியிருக்கிறார். அவளுக்குப் பட்டியலை அடித்து முடித்த அந்த நாள் ஞாபகம் வந்தது, வராமல் இருந்தால் தேவலை. ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் சிவப்பு அடித்துக் காட்டும்படி கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்திருந்தாள், மாடசாமி, மாடசாமி என்று இரண்டு சிவப்புக் கட்டம், அட, இரண்டு தரம் அடித்துவிட்டேனே என்று தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே ஒன்றை அழித்தாள். அழிக்கிறபோது அது கேட்டது. முழு வரியையும் எடுக்கவா, இந்தக் கட்டத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கீழே இருப்பதை மேலே ஏற்றவா. மேலே ஏற்று என்றாள். நாற்பத்தொன்பது பெயர் சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறி அடுத்தவர் குரலின் மேல் உட்கார்ந்துகொண்டன. பத்தியின் கடைசியில் ஒரு கட்டம் காலியாக நின்றதையும் அவள் பார்த்தாள். பார்த்ததைத்தான் அவளால் இப்போது தாங்க முடியவில்லை. ஏன் காலி என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை. பெயர் தெரியவில்லை என்று அடித்துவிட்டு எழுந்து போனாள்.

எங்கே போனாள் என்பதும் ஞாபகம் இருந்தது, கோயிலுக்கு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு. டிசம்பர் இருபது. நாலரைக்குப் பயிற்சி, பிந்தி வந்தால் பின்வரிசையில்தான் நிற்க வேண்டும், போன வருஷம் பின்வரிசையில் நின்று ஒருத்தி கொண்டைக்குப் பின்னால் மறைந்து போய், வீடியோவில் தன் முகமே வரவில்லை என்று அவளுக்கு ஒரு குறை. அந்தக் குறைக்காக. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சாவு என்று ஏதாவது ஒரு கௌரவமான காரணம் இருந்திருக்கக் கூடாதா. பட்டியலில் இன்னும் ஒரு பத்தி பாக்கி இருந்தது, பதிவைக் கேட்டுச் சரிபார்த்தாயிற்றா என்று, ஆம் அல்லது இல்லை. உண்மையில் பதினோரு கேசட் கேட்டிருந்தாள். எல்லாவற்றிலும் இருமல், காற்று, லாரி, பாத்தி மிதிக்கிறது, உப்பு வாருகிறது, பாதம் வெடிக்கிறது, மறுபடியும் இருமல், காதில் மாட்டிய ஹெட்போனின் பஞ்சு கறுப்புத் தூளாக உதிர்ந்து கழுத்தில் ஒட்டிக்கொண்டது, இதை யார் கேட்கப்போகிறார்கள் என்று அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. அதுதான் நிஜம். அந்த மனிதர்களுடைய பேச்சு அவளுக்கு அலுப்பாக இருந்தது. முதல் கட்டத்தில் ஆம் என்று அடித்தாள், அதன் மூலையை மவுஸால் பிடித்து நூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்தாள், ஆம் ஆம் ஆம் என்று ஒழுங்காக வந்து நின்றது. தொடக்க விழாவில் நயினார் மேடையேறி, ஒவ்வொரு பதிவையும் எங்கள் ஹெப்சிபா மேடம் முழுக்கக் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார் என்று சொல்லி ஒரு துண்டு போர்த்தினார். கைதட்டினார்கள். அந்தத் துண்டு வீட்டில் பீரோவில் இருக்கிறது, இன்னும் மடிப்புக் கலையவில்லை.

அது முடிந்து மார்ச் மாதம் சந்தனமாரி வந்தாள். முள்ளக்காட்டுப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள், நாற்பது வயது இருக்கும், கையில் தீக்காயத் தழும்பு, படி ஏறி வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கழற்ற வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நின்றாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர் விழாச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டுப் பட்டியலைத் தேடியிருக்கிறார், முள்ளக்காடு பொன்னுவேல் என்ற பெயரைப் பார்த்து இவளைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். “எனக்கு அஞ்சு மாசத்துலதான் இது பதிஞ்சது போல மேடம். பதினோரு மாசத்துல அப்பா லாரி கவுந்து தவறிட்டாவ. ஒரு போட்டோ கெடையாது. அம்மையும் இப்ப இல்ல.” ஹெப்சிபா பெரிய மனசோடு தன் நாற்காலியையே இழுத்துப் போட்டாள், ஹெட்போனைத் துடைத்துக் கொடுத்தாள், அந்தப் பெயரைச் சொடுக்கினாள். எழுபதாவது கேசட், முதல் சில விநாடி வெறும் இரைச்சல், பெயர் கேட்கிற இடம் அதில் அமுங்கிவிட்டிருந்தது. அந்த மனிதர் நல்ல கலகலப்பாகப் பேசினார். “வேல முடிஞ்சு வீட்டுக்குப் போனா பாப்பா ஓடியாருவா. தொடாதட்டின்னு சொல்லிருவேன். கையெல்லாம் உப்பு வெட்டிக் கெடக்கும்லா, பிள்ள மேல பட்டா எரியும். நல்ல தண்ணியில கழுவி, தேங்காண்ணெயத் தேச்சுக்கிட்டுத்தான் தூக்குவேன். அது வரைக்கும் வாசல்ல நின்னு அழுவா.” சந்தனமாரி சத்தமே இல்லாமல் அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். “அஞ்சு மாசத்துல எங்க மேடம் ஓடியிருப்பேன். அப்பா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுது.” ஹெப்சிபாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சேர்ந்து சிரித்தாளே. ஐந்து மாதப் பிள்ளை ஓடாது என்று தெரிந்தவள், தானும் ஒரு பிள்ளையை வளர்த்தவள், மேலே கீழே ஒரு வரி பார்ப்போமா என்று தோன்றாமல் சிரித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை அவளுடைய போனில் திறந்து வைத்துக் கொடுத்து, இந்த முக்கோணத்தைத் தொட்டால் பேசுவார் என்று சொல்லிக் கொடுத்தாள். அதன்பிறகு இரண்டு பொங்கல் கழிந்துவிட்டது, இரண்டுக்கும் சந்தனமாரி ஒரு கட்டுப் பனங்கிழங்கோடு வந்தாள். அப்பா செத்த நாளுக்கு இலை போட்டுவிட்டு அந்தப் பேச்சை வைத்துக் கேட்கிறார்களாம், அவள் மகன் மனப்பாடமாகச் சொல்கிறானாம். ஒரு தரம் கேட்டாள், “பேரு மாறிப்போகாதுல்லா மேடம்?” ஏன் கேட்டாளோ. பிறகு அவளே, “நீங்கள்லாம் படிச்சவிய, பாத்துத்தான போட்டிருப்பிய” என்றாள். பனங்கிழங்கை மிளகுப்பொடி தொட்டு ஹெப்சிபா சாப்பிட்டாள், நன்றாக இருந்தது.

“என்ன மேடம், கொலு வச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க.” நயினார் வாசலில் நின்றார். நாற்பத்தைந்து வயது, யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர், அதுவே இப்போது கஷ்டமாக இருந்தது. “அந்த மெட்ராஸ் சர்வர்காரன் அஞ்சு மணிக்குக் கதவ அடச்சிருவானாம். அதுக்கு மேல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் கமிட்டிக்கு எழுதணும். பத்தும் ஒத்துப் போச்சுல்லா?” ஆம் என்று சொல்ல வாய் தயாராக இருந்தது, இழுத்துவிட்ட ஆம்களில் ஒன்று இன்னும் தொண்டையிலேயே இருந்தது போல. “பாத்துக்கிட்டிருக்கேன் சார்” என்றாள். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டுப் போனார். மணி மூன்றரை. அனுப்பிவிடலாம். இப்படியே அனுப்பினால் ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும், அடுத்த பத்து வருஷத்துக்கு இதை யாரும் நோட்டோடு ஒத்துப் பார்க்கப்போவதில்லை, நோட்டுகூடக் கரையானுக்குத்தான். யாருக்கு என்ன நஷ்டம். ஒருத்திக்கு ஒரு அப்பா கிடைத்திருக்கிறார், நல்ல அப்பா, கையைக் கழுவிவிட்டுத் தூக்குகிற அப்பா, அவரைப் பிடுங்கி எடுப்பதுதான் நியாயமா. எல்லா அப்பாக்களும் அங்கே ஒரே உப்பில்தானே வெந்தார்கள். இப்படி ஒரு சமாதானம் எழுந்து வந்ததும் ஹெப்சிபாவுக்கு அது பிடித்திருந்தது, பிடித்திருப்பதைப் பார்த்ததும் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. சந்தனமாரிக்காகவா அனுப்பப் பார்க்கிறாள். துண்டுக்காக. கைதட்டலுக்காக. நயினார் முகம் சுருங்குவதைப் பார்க்க முடியாது என்பதற்காக. திருத்துவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, அறுபத்து மூன்றில் ஒரு கட்டத்தைச் செருகினால் நாற்பத்தொன்பது பேரும் தங்கள் தங்கள் இடத்துக்கு இறங்கிவிடுவார்கள், ஒரு விநாடி. அந்த விநாடியில் முள்ளக்காட்டில் ஒரு போனில் பெயர் மாறும். இந்த வருஷம் இலை போட்டு முடித்து முக்கோணத்தைத் தொடப் போகும்போது மேலே சூசை மரியான் என்று இருக்கும், மகன் எழுத்துக்கூட்டிப் படிப்பான், இது யாரும்மா என்று கேட்பான். ஹெப்சிபா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.  அப்படியானால் நிஜமான பொன்னுவேல் எங்கே இருக்கிறார் என்று அப்போதுதான் தோன்றியது, அடுத்த கேசட்டில், எழுபத்தொன்றில், வேறு ஒருவரின் பெயருக்குக் கீழே இரண்டரை வருஷமாகப் பக்கத்து வரியிலேயே இருந்திருக்கிறார். அவர் என்ன சொல்லியிருப்பார். அவரும் நன்றாகப் பேசியிருந்தால் பழுதில்லை, ஒன்றை வாங்கிக்கொண்டு ஒன்றைக் கொடுத்துவிடலாம், அவரும் பிள்ளையைத் தூக்கியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள்.

காற்று. சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். தேவசகாயம் சாரின் குரல், வாலிபக் குரல், பெயர் கேட்கிறது. “பொன்னுவேலு.” தண்ணீரில்லாத தொண்டை. எத்தனை வருஷமாக வேலை. “பத்து இருக்கும்.” உப்பளத்தில் என்ன சிரமம். “செரமம்தான்.” கண்ணுக்கு. “கூசும்.” காலுக்கு. “ஆமா.” சார் பாவம், எப்படியெல்லாமோ திருப்பித் திருப்பிக் கேட்கிறார், இவர் ஆமா, இல்ல, இருக்கு என்று கிள்ளிக் கிள்ளி வைக்கிறார். தூரத்தில் யாரோ கூவுகிறார்கள். மூன்று நிமிடம் ஆனது. ஹெப்சிபா தன்னையறியாமல் குனிந்து, பேசுங்களேன், ஏதாவது பேசுங்களேன் என்றாள், இந்த அறையில் மூன்று வருஷத்துக்கு முன் எந்தப் பேச்சைக் கேட்கச் சலிப்பாக இருந்ததோ அதை இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தாள். வீட்டில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று சார் கேட்டார். “இருக்காவ.” பிள்ளைகள்? கொஞ்ச நேரம் காற்று மட்டும் அடித்தது. “ஒண்ணு.” சார் அதற்கு மேல் கேட்கவில்லை, கூலி பற்றிப் போய்விட்டார், என்ன பிள்ளை, பெயர் என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பிறகு லாரிச் சத்தம், “கூப்பிடுதாவ, போணும்,” அவ்வளவுதான், டேப் வெறுமனே ஓடியது. அவள் திரும்பப் பின்னால் தள்ளி அந்த ஒண்ணு என்ற இடத்தை மட்டும் ஏழெட்டுத் தரம் கேட்டாள். சந்தோஷமாகச் சொன்னாரா, அலுத்துச் சொன்னாரா, எண்ணிக்கை சொல்லும் குரலில்தான் சொன்னார். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார். நிறுத்தினாரா, மூச்சு வாங்கினாரா. இந்த ஒரு சொல்லுக்குள் சந்தனமாரி முழுக்க இருக்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தபோது ஹெப்சிபாவுக்கு அழுகை வந்தது, தனக்காகத்தான் வருகிறதோ என்று சந்தேகமாகவும் இருந்தது.

நாலு இருபதுக்கு அறுபத்து மூன்றில் கட்டத்தைச் செருகினாள். பெயர்கள் ஒரு படி கீழே இறங்கின. வெறுமையான கட்டத்தில் மாடசாமி, தொடர்ச்சி என்று அடித்தாள், கடைசியில் தனியாகத் தள்ளப்பட்டு நின்ற பெயர் தெரியவில்லையை அழித்தாள். சரிபார்த்த பத்தியில் தான் கேட்ட பதின்மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இல்லை என்று மாற்றினாள், இழுத்து அல்ல, ஒவ்வொன்றாக. கீழே போய் நயினாரிடம் சொன்னாள். அவர் அவள் பயந்த மாதிரி முகத்தைச் சுருக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்தார், “சரி, அனுப்பிருங்க” என்றார், மேடம் என்று சொல்லவில்லை. அனுப்பிவிட்டு மாடிக்கு வந்து, யோசித்தால் செய்ய மாட்டோம் என்று தெரிந்ததால் யோசிக்காமல் போனை எடுத்தாள். சந்தனமாரி வீட்டில் இருந்தாள், குழாயடியில் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ஹெப்சிபா சுற்றி வளைக்காமல்தான் சொல்ல நினைத்தாள், இருந்தாலும் மாடசாமியிலிருந்து ஆரம்பித்து, கட்டம், சிவப்பு என்று எங்கெங்கோ போய்த்தான் வந்து சேர்ந்தாள்.

“அப்ப அது எங்க அப்பா இல்லியா மேடம்.”

“இல்ல. பழையகாயல்ல சூசை மரியான்னு ஒருத்தர். தப்பு எம்மேலதான் சந்தனமாரி. எல்லாத்தையும் கேட்டுட்டேன்னு எழுதி வச்சேன். கேக்கல.”

குடம் நிறைந்து வழிவது கேட்டது. யாரும் குழாயை அடைக்கவில்லை.

“எங்க அப்பா பேசுனது இருக்கா.”

“இருக்கு. ஆறு நிமிஷம்.”

“என்னயப் பத்தி என்னமும் சொல்லுதாவளா.”

இதற்கு ஒரு பொய்யை ஹெப்சிபா மாடிப்படியிலேயே தயார் செய்து வைத்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. “பிள்ளைங்க இருக்கான்னு சார் கேக்காவ. ஒண்ணுன்னு சொல்லுதாவ.”

“பொறவு?”

“பொறவு ஒண்ணும் சொல்லல.”

இப்போது குழாய் நின்றது. “சரியாத்தான் சொல்லியிருக்காவ,” என்றாள் சந்தனமாரி. குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் ஹெப்சிபாவுக்கு லேசாக இருந்திருக்கும். பிறகு, “அவளுக்குச் சொல்லியாச்சா மேடம்?” என்றாள்.

“யாருக்கு?”

“அந்தப் பழையகாயல்காரரு மகளுக்கு. வாசல்ல நின்னு அழுவான்னு சொல்லுதாவல்லா, அந்தப் பாப்பாவுக்கு. நான் ரெண்டர வருசமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். அது அவளுக்குள்ளதுல்லா. அவளுக்கு மொதல்ல சொல்லியிருக்கணும்.”

இரண்டே காலிலிருந்து ஹெப்சிபா எத்தனையோ பேரைப் பற்றிப் பயந்திருந்தாள், நயினார், கமிட்டி, சந்தனமாரி, அவள் மகன், எல்லோரையும்விடத் தன்னைப் பற்றி. அந்தப் பாப்பா ஒரு தரம்கூட அவள் நினைப்பில் வரவில்லை. ஓடி வருகிற வயது என்றால் மூன்று நான்கு இருக்கும், அப்பா குரல் ஞாபகத்தில் தங்குகிற வயது. அவளும் எங்கேயாவது உட்கார்ந்து பட்டியலில் சூசை மரியான் என்ற பெயரைத் தேடிப் பிடித்திருந்தால் ஒன்பது நிமிடம் வேறு ஒருவர் பேசியிருப்பார். இது எங்க அப்பா இல்லை என்று முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டுப் போயிருப்பாள்.

“மேடம்? சொல்லியாச்சா?”

“இல்ல,” என்றாள் ஹெப்சிபா. “இன்னும் சொல்லல.”